பாலாற்றுக்கு இந்தப் பக்கம்

காட்பாடிக்காரர்களான நாங்கள் இருப்பது வேலூர் மாநகராட்சியில். வீட்டு வரி, குப்பை வண்டி எல்லாம் வேலூர்தான். ஆனால் டெல்லிக்கு எம்.பி. அனுப்புவதென்றால் அரக்கோணம்! 2008 தொகுதி மறுசீரமைப்பிலும் எங்களை வேலூர் தொகுதியில் சேர்க்கவில்லை.

அது உறைத்தது 2019இல்தான். ஏப்ரல் 18, காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மை காயாமல் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி கொசப்பேட்டை சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி என் கையைப் பிடித்து அந்த மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு மட்டும் இல்லாம போச்சே கண்ணு" என்றாள். பணம் பிடிபட்டதால் இரண்டு நாள் முன்புதான் வேலூர் தேர்தலை ரத்து செய்திருந்தார்கள். பணப் பட்டுவாடா காரணமாக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை.

அப்புறம் ஆகஸ்ட் 5இல் நடந்தது. தி.மு.க.வின் கதிர் ஆனந்த், அ.தி.மு.க. கூட்டணியின் ஏ.சி.சண்முகத்தை வென்றது வெறும் 8,141 ஓட்டில். கதிர் ஆனந்தின் அப்பா துரைமுருகன்தான் அப்போது எங்கள் காட்பாடி எம்.எல்.ஏ. அப்பாவுக்கு ஓட்டுப் போட்ட நாங்கள் மகனுக்குப் போடவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

நடுவில் இருப்பது ஒரு பாலம்தான். அடுத்த மறுசீரமைப்பிலாவது எங்களை வேலூரோடு சேர்த்துவிடுங்கள்.