வயிறு கூப்பிட்டபோது போகாத எட்டு வருடங்கள்

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குத் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். நாலரைக்கு எழுந்து சமைத்து, டப்பா கட்டி, வெறும் காபியோடு ஆறு மணி வண்டியைப் பிடிக்க ஓடுவேன். திருவள்ளூர் தாண்டும்போது வயிறு கூப்பிடும். மின்ரயிலில் கழிப்பறை கிடையாது. அடக்கிக்கொள்வேன். ஆபீஸ் போய்ச் சேரும்போது அந்த உணர்வே இருக்காது. இப்படியே எட்டு வருடம்.

போகப் போக வயிறு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டது. மூன்று நாள், நான்கு நாள் ஒன்றும் இருக்காது. போனால் ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலைந்து உருண்டை. சனிக்கிழமை இரவு நிலாவாரைச் சூரணம் ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டால் ஞாயிறு முழுக்கத் தண்ணீராகப் போகும். எனக்கு மலச்சிக்கலா, பேதியா என்று எனக்கே புரியவில்லை. சர்க்கரை, பிரஷர் என்றால் ஆபீஸில் பத்துப் பேர் சேர்ந்து பேசுவோம். இதைக் கூடப்பிறந்த அக்காவிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

ஒருநாள் ரத்தம் பட்டது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். எடை குறைந்ததா, ராத்திரி தூக்கத்தில் வயிறு எழுப்புகிறதா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சோதித்துப் பார்த்து, ஆசனவாயில் வெடிப்பு என்றார். ஆறின பிறகும் ரத்தம் வந்தால் கொலனோஸ்கோபி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலுக்குள் பார்க்கும் சோதனை, செய்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார். தைராய்டு பரிசோதனையில் குறையில்லை.

பிறகு ஏழு படங்கள் உள்ள ஒரு தாளைக் காட்டினார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து டாக்டர்கள் உண்டாக்கிய அட்டவணையாம். முதல் படம் புழுக்கை, ஏழாவது வெறும் தண்ணீர். மூன்றும் நான்கும்தான் நல்ல நிலை. நான் ஒன்றிலும் ஏழிலும் விரலை வைத்தேன். "ரெண்டு வாரம் நோட்டுல எழுதிட்டு வாங்கம்மா" என்றார்.

தேதி, நேரம், படத்தின் எண், சாப்பிட்டது, போட்ட மருந்து எல்லாம் எழுதினேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு வந்த நாளெல்லாம் சூரணத்துக்கு மறுநாள். குடல் துடைத்துக் காலியான பிறகு, திரும்ப நிறைய இரண்டு மூன்று நாள் ஆகத்தானே செய்யும்? அதையும் மலச்சிக்கல் என்று நினைத்து மறுபடி சூரணம் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை இயல்புதான் என்று டாக்டர் சொன்னபோது பாதி பயம் போனது. தினமும் போகாவிட்டால் வியாதி என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள்.

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும், காலையில் அந்த அசைவு வலுவாக இருக்கும். அடக்க அடக்க மலத்திலிருக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடும், இறுகிப்போகும். எனக்கு வேண்டியிருந்தது அரைமணி நேரம். டப்பா கட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் காரணத்தோடு சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டார்.

எழுந்ததும் இரண்டு இட்லி, ஒரு சொம்பு வெந்நீர். கால் மணி நேரம் கழித்துப் பத்து நிமிடம் உட்காருவேன், போன் கிடையாது. எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் என்பதால் காலுக்கடியில் சின்ன முக்காலி. முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தால் முக்கவேண்டிய அவசியம் குறைகிறது. டாக்டர் எழுதித் தந்த சிரப்பும், தண்ணீரில் ஊறி உப்பும் நார்ச்சத்து உமியான இசப்கோலும் சேர்ந்தன. இசப்கோலை அரை டம்ளர் தண்ணீரில் குடித்து இரண்டு நாள் வயிறு கல்லாட்டம் உப்பியது. பெரிய டம்ளர் நிறையக் கலந்து, மேலே இன்னொரு டம்ளர் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் சரியானது.

முதல் பத்து நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். பதினோராம் நாள் நோட்டில் "5.10, படம் 4" என்று எழுதியபோது கை நடுங்கியது.

வெடிப்பு ஆறிவிட்டது, ரத்தம் திரும்ப வரவில்லை. போன வாரம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம், இரண்டு நாள் ஒன்றும் போகவில்லை. சூரணத்தைத் தேடவில்லை. ஊர் வந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன்.