தேமல் என்று சொன்னது

ஒரு வீட்டில் தகப்பனுக்குத் தொழுநோய் உறுதியாகியிருந்தது. "வீட்டில சொல்லிப்போடாதேங்கோ" என்று கேட்டிருந்தார். வீட்டாருக்கும் தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆகவே நோயின் பெயரைச் சொல்லாமல், 'தோல் பரிசோதனை' என்றுதான் போனேன். அதில் பிழையில்லை என்றுதான் இன்றைக்கும் எனக்குள் வாதாடுகிறேன்.

மகளின் முழங்கைக்கு மேல் ஒரு வெளிறிய படை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன். சுற்றிவரத் தொட்டபோதெல்லாம் "ஓம்" என்றாள். படைக்குள் தொட்டேன். நான் இன்னும் தொடவில்லை என்று நினைத்து, கண்ணை மூடியபடி காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா இது?"

"தேமல் மாதிரிக் கிடக்கு. எதுக்கும் கிளினிக்குக்கு வாங்கோ."

அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

கிளினிக்கில் டொக்டர் நோயின் பெயரை மறைக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று, ஆறு மாதக் குளிசை, முதல் நாள் சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, இடையில் கேட்டாள்: "சொன்னா வரமாட்டன் எண்டு நினைச்சனீங்களோ?"

"ஓம்."

"வந்திருப்பன்."

யுத்தத்தின் கடைசி நாட்களில் மாத்தளனால் தப்பி வந்து முகாமில் வளர்ந்த பிள்ளை. ஒரு வருத்தத்தின் பெயருக்கா பயப்படப் போகிறாள்?

தாய்க்கு வேறு கவலை. "பரம்பரையோ தம்பி?" "இல்லையம்மா, கிருமி" என்றேன். அந்தப் பதிலை எனக்குத் தந்தவர் ஹான்சன் என்ற வைத்தியர். 1873இல் நோர்வேயின் பேர்கன் நகரில் அவர் கிருமியைக் கண்டபோது, அவருடைய மாமனார் டானியல்சனே பரம்பரை நோய் என்று நம்பிய பெரிய வைத்தியர். அதே ஹான்சன்தான் 1879இல், தொற்றை நிரூபிக்கவென்று, ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில் இன்னொருவரின் நோய்முடிச்சிலிருந்து எடுத்ததை ஏற்றினார். அவளிடம் கேட்கவில்லை. தான் பார்க்கிற மாதிரி அவள் பார்க்கமாட்டாள் என்று நினைத்தாராம். 1880இல் நீதிமன்றம் ஆஸ்பத்திரிப் பதவியைப் பறித்தது. நாட்டின் தொழுநோய் அதிகாரியாக மட்டும் தொடர்ந்தார்.

நான் யாருக்கும் ஊசி ஏற்றவில்லை. சுகப்படுத்தத்தான் கூப்பிட்டேன், சுகமும் வந்தது. ஆனால் கேட்காமல் விட்டதற்கு அவருக்கிருந்த காரணம்தான் எனக்கும் இருந்தது.

இப்போது உள்ளே போய் இருந்ததும் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு வீட்டில் அப்படிச் சொன்னதும், "மாந்தீவுக்குக் கொண்டுபோகவோ?" என்று கிழவி எழும்பிவிட்டா. முந்தித் தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்த மட்டக்களப்புத் தீவு அது. தேத்தண்ணி பாதியில் நின்றது. பிறகு இரண்டு தரம் போனேன். படலை கட்டியே கிடந்தது. அந்த வீட்டில் ஒரு சின்னப் பெடியன் இருக்கிறான். அவனுடைய முதுகை நான் இன்னும் பார்க்கவில்லை.