கை குலுக்குறதுல அப்படி என்ன ரகசியம்

ஃப்ரீமேசன்னு (ரகசியச் சடங்கோட நடக்குற ஒரு பழைய சகோதரச் சங்கம்) தேடினாலே போதும், யூட்யூப் நம்மள முக்கோணத்துக்குள்ள இருக்குற கண்ணு, உலகத்தையே ஆட்டிவைக்குற ரகசியக் கூட்டம்னு எங்கயோ இழுத்துட்டுப் போயிடும். நானும் ஒரு ராத்திரி முழுக்க அதப் பாத்து சலிச்சுப்போய், சரி இந்த லாட்ஜுக்குள்ள உக்காந்து நெசமா என்னதான் பண்ணாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன் (லாட்ஜுன்னா ரூம் போட்டுத் தங்குறது இல்லீங்க, சங்கத்தோட கிளை). படிக்கப் படிக்க பாத்தா, முக்காவாசி கதை சந்தா, பாக்கி, யாருக்கு உடம்பு சரியில்ல, யார் வீட்டுல சாவுன்னு கணக்கு நோட்டாத்தான் இருக்கு.

மேசன் கதை 1717ல லண்டன்ல ஒரு பீர்க்கடையில நாலு லாட்ஜ் ஒண்ணு சேந்ததுல ஆரம்பிக்குதுன்னு சொல்வாங்க. அதுல ஜமீன்தார், பிரபுன்னு பெரிய கைங்க நெறைய. எனக்கு சுவாரஸ்யமா இருந்தது அவங்க இல்ல, ஆட் ஃபெலோஸ்னு ஒரு கூட்டம். தாமஸ் வைல்டின்னு இங்கிலாந்துல இருந்து அமெரிக்கா போன ஒரு கொல்லர், ஆள் தெரியாத ஊர்ல பேப்பர்ல விளம்பரம் குடுத்து, 1819ல பால்டிமோர்ல தன்னையும் சேத்து அஞ்சே பேரோட ஒரு மதுக்கடையில தொடங்கினாரு. இந்த சங்கத்தோட கட்டளை நாலே வரி: நோயாளியப் போய் பாரு, கஷ்டப்படுறவனுக்கு உதவு, செத்தவன அடக்கம் பண்ணு, அனாதைப் பிள்ளைய படிக்க வை.

அந்தக் காலத்துல கூலிக்காரனுக்கு கால் உடைஞ்சா அன்னிக்கோட சம்பளம் கட், அரசாங்கம் எட்டியும் பாக்காது. லாட்ஜுல சந்தா ஒழுங்கா கட்டியிருந்தா வாராவாரம் ஒரு தொகை வீடு தேடி வரும், கொண்டு வர்றதும் கூட இருக்குற மெம்பர்தான், ஆறுதலும் சொல்லுவான், அப்படியே இவன் நெசமாவே படுத்திருக்கானா இல்ல டிமிக்கி குடுக்குறானான்னும் பாத்துட்டுப் போவான். ரகசிய வார்த்தை, கை குலுக்குற விதம் எல்லாத்துக்கும் இங்கதான் ஒரு நடைமுறை உபயோகம். வேலை தேடி வேற ஊர் போறவன் அங்க இருக்குற லாட்ஜ் கதவத் தட்டினா, இவன் நம்ம ஆளா, சந்தா பாக்கி இல்லாதவனான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? போட்டோ ஒட்டின அடையாள அட்டை கெடையாது. அதனால பாஸ்வேர்ட அப்பப்போ மாத்துவாங்க, பாக்கி இல்லாதவனுக்கு மட்டும்தான் புதுசு தெரியும். நம்ம நெட் பேங்கிங் ஓடிபி மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

இதே மாதிரி டாக்டரையும் மொத்தமா பேசி வெச்சாங்க, ஆளுக்கு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு டாலர்தான். டாக்டர்கள் சங்கத்துக்கு அது பிடிக்கவே இல்ல, இப்படி அடிமாட்டு ரேட்டுக்கு ஒத்துக்கிட்டவங்கள ஒதுக்கி வெச்சாங்க.

இன்னொரு பக்கம் 1868ல ஜான் அப்சர்ச்னு ஒரு ரயில்வே மெக்கானிக் பென்சில்வேனியாவுல ஆரம்பிச்ச சங்கம். ஒருத்தர் செத்தா எல்லாரும் ஆளுக்கு ஒரு டாலர் போடணும், குடும்பத்துக்கு 2000 டாலர் வரைக்கும் போகும். கேக்க எவ்வளவு அழகா இருக்கு! ஆனா இருபது வயசுக்காரனும் ஒரு டாலர், அறுபது வயசுக்காரனும் ஒரு டாலர். மெம்பருங்களுக்கு வயசாக வயசாக சாவு கூடும், அடிக்கடி டாலர் கேப்பாங்க, இளவட்டம் எல்லாம் எவனோ கிழவனுக்கு நான் ஏன் கட்டணும்னு நழுவிடும், இருக்குறவங்க தலையில இன்னும் பாரம். இந்த மாதிரி பல சங்கம் இப்படித்தான் தள்ளாடுச்சு.

எல்லாரும் சகோதரர்கள்னு சொன்னாங்களே தவிர, கறுப்பர்களுக்கு கதவு மூடியே இருந்துச்சு. பாஸ்டன்ல பிரின்ஸ் ஹால்னு ஒரு கறுப்பர் 1775லயே பிரிட்டிஷ் ராணுவ மேசன் லாட்ஜ் ஒண்ணுல சேந்து, அப்புறம் 1784ல லண்டன்ல இருந்தே அனுமதி வாங்கி தனி லாட்ஜ் நடத்தினாரு. அவர் பேர்ல அந்த மரபு இன்னிக்கும் இருக்கு.

ரோட்டரி, லயன்ஸ் எல்லாம் வேற வகை. 1905ல சிகாகோவுல பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல் மூணு பேரக் கூட்டி ஆரம்பிச்சப்போ சேவை பேச்சே பெருசா இல்ல, நட்பும் வியாபாரமும்தான், ஒரு தொழிலுக்கு ஒரே ஆள், ஆளுக்காள் ஆபீஸ்ல மாறி மாறி (ரொட்டேட் பண்ணி) மீட்டிங், பேரே அதுல இருந்து வந்ததுதான். கொஞ்ச வருஷத்துல ஊருக்கு செஞ்ச முதல் காரியம் என்ன தெரியுமா, பொதுக் கழிப்பறைக்காகப் போராடினது. லயன்ஸ் தொடங்கினது 1917ல, 1925ல ஹெலன் கெல்லர் அவங்க மாநாட்டுல வந்து பார்வையற்றவங்களுக்காகக் கேட்டதுல இருந்துதான் கண் சேவை அவங்க அடையாளம் ஆச்சு.

பொம்பளைங்க? 1977ல கலிஃபோர்னியாவுல டுவார்ட்டே ரோட்டரி மூணு பெண்கள சேத்துச்சு, மேலிடம் கிளப்பையே தூக்கிடுச்சு. அவங்க அசராம ரோட்டரி பின் மேல ஒரு எக்ஸ் போட்டு மாட்டிக்கிட்டு கூட்டம் நடத்தினாங்களாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. 1987ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் ரோட்டரி, லயன்ஸ், அதே மாதிரி இன்னொரு கிளப்பான கிவானிஸ் மூணும் அதே வருஷம் வழிவிட்டது.

பழைய லாட்ஜுகளுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆட்டம் கண்டுடுச்சு. கம்பெனியே இன்ஷூரன்ஸ் போட ஆரம்பிச்சது, 1935ல அரசாங்கமே வயசானவங்களுக்கு பென்ஷன் குடுக்குற சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தது, அப்புறம் யாரு பாஸ்வேர்ட மனப்பாடம் பண்ணப் போறா. கட்டடங்கள வித்தாங்க. அதுல ஒரு கூத்து, ஆட் ஃபெலோஸ் புதுசா சேர்றவங்களுக்கு சாவு ஞாபகம் வரணும்னு சடங்குல எலும்புக்கூடு காட்டுவாங்க, பல இடத்துல அது நெசமான மனுஷ எலும்புக்கூடு. ஆள் குறைஞ்சு பூட்டின கட்டடங்கள்ல அதெல்லாம் அலமாரிக்குள்ளயும் சுவருக்குள்ளயும் அப்படியே கிடந்துச்சு. ரிப்பேர் வேலைக்கு வந்தவங்க சுவரத் தட்டினா உள்ள பெட்டியில ஒருத்தர் படுத்திருப்பாரு, அப்புறம் போலீஸ் வரணும்.