ஃபேரோ சாண்டர்ஸும் என் அடி பி பிளாட்டும்

நான்கு மாதம் மல்லுக்கட்டி, நேற்று ராத்திரி டெனர் சாக்ஸபோனில் ஒரே ஊதலில் இரண்டு சுரம் சேர்ந்து வந்தது. மூன்று விநாடி இருக்கும். அப்புறம் வழக்கமான வாத்துக் கத்தல்தான்.

நான் துரத்துவது 1969-இல் வந்த 'கர்மா' இசைத்தட்டில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ் எழுப்பும் அலறலை. அதிலுள்ள 'தி கிரியேட்டர் ஹேஸ் எ மாஸ்டர் பிளான்' 32 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் நடுவே வருகிறது அது. இதில் விரலுக்கு வேலையே இல்லை. சாக்ஸபோனின் ஆகக் கீழ்ச் சுரமான அடி பி பிளாட்டைப் பிடித்துக்கொண்டு, தொண்டையால் மட்டும் மேல் பி பிளாட், எஃப் என்று ஏற வேண்டும். நாக்கு 'ஓ'விலிருந்து 'ஈ'க்குப் போகும். இப்படி ஏறும் இரண்டு சுரப் படிக்கு நடுவில் நின்றால் ஒலி பிளக்கும். நின்றால்தானே! உதட்டை இறுக்கினால் மேலே ஓடுகிறது, விட்டால் தொபுக்கென்று கீழே விழுகிறது. தாடையைத் தொங்கவிட்டு, காற்றை மட்டும் குறைக்காமல் ஊதியபோதுதான் வசப்பட்டது.

ஊதுவாயில் பொருத்தும் நாணல் பட்டையான ரீட்டில் மூன்றாம் நம்பர் எனக்கு முரடு, இரண்டரைக்கு இறங்கிவிட்டேன். டெனர் ரீட் கேட்டால் கடைக்காரர் அதைவிடச் சிறிய சாக்ஸபோனான ஆல்டோவின் ரீட்டை நீட்டுகிறார். பத்து உள்ள பெட்டியில் நான்கு தேறினால் அதிர்ஷ்டம்.

1965-இல் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் குழுவில் சேர்ந்தபோது சாண்டர்ஸ் ஊதியது பெரும்பாலும் வெறும் நெருப்பு. 1967-இல் கோல்ட்ரேன் இறந்த பிறகு, சொந்தக் குழுவில் அந்த நெருப்புக்கு அடியில் அசையாத பாஸ் வரியும் மணிகளும் பாடகர் லியோன் தாமஸின் குரலும் வந்தன. இன்றைய சாக்ஸபோன் கலைஞர் கமாசி வாஷிங்டன் வரை அந்த அச்சு எனக்குக் கேட்கிறது. ஆனால் மலைக்க வைப்பது அலறல் அல்ல, அதிலிருந்து மெட்டுக்கு அவர் இறங்கி வரும் விதம். நான் இறங்கும்போது மூச்சே அறுந்துபோகிறது. அவருடைய 80 வயதில் வெளிவந்த 'பிராமிசஸ்' இசைத்தட்டு முழுக்க அந்த இறக்கம்தான் என்பேன்.

இதற்குள் உச்சக் குரல் சாக்ஸபோனான சோப்ரானோ மீது ஆசை வேறு. ஜானின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' இசைத்தட்டில் சாண்டர்ஸ் ஊதுவது அதைத்தான். தலைப்பிலுள்ள சுவாமி சச்சிதானந்தா கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்துக்காரர். அதில் பின்னால் ஒலிக்கும் தம்பூராச் சுருதி என் செல்பேசியிலேயே இருக்கிறது. சோப்ரானோவை யாரிடமாவது இரவல் கேட்க வேண்டும். சரி, முதலில் அந்த மூன்று விநாடியை ஐந்தாக்கப் பார்க்கிறேன். இன்று காலை ஒன்றுகூட வரவில்லை.