மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல்

ஓமன் தலைநகர் மஸ்கட்டில் உள்ள சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்குள், வெள்ளிக்கிழமை நீங்கலாக மற்ற நாள்களில் காலை 8 மணி முதல் 11 மணி வரை பிற சமயத்தவரும் செல்லலாம். பெண்கள் முக்காடிட்டு, மணிக்கட்டும் கணுக்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். கோயிலுக்குப் புறப்படுவது போலவே நாங்களும் அதிகாலையில் நீராடிக் கிளம்பினோம்.

அப்போதைய ஓமன் மன்னர் சுல்தான் காபூஸ் 1992-இல் கட்டப் பணித்த இப்பள்ளிவாசல் 2001 மே மாதம் திறக்கப்பட்டது. ஈராக்கில் பிறந்த கட்டடக் கலைஞர் முகம்மது மக்கியா இதன் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றினார். சுவர்களுக்கான சுமார் 3 லட்சம் டன் மணற்கல் நம் இந்தியாவிலிருந்து சென்றது என்று அறிந்தபோது, அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் நகர முடியவில்லை. மினாராக்கள் எனப்படும் ஐந்து கோபுரங்கள் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிக்கின்றன. அவற்றுள் நடுநாயகமாக நிற்பது 90 மீட்டர் உயரமுடையது.

பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடும் 'ரிவாக்' எனப்படும் வளைவு நடைக்கூடங்களில்தான் நான் நெடுநேரம் நின்றேன். அங்குள்ள சுவர்மாடங்கள் ஒவ்வொன்றும் இஸ்லாமிய உலகின் வெவ்வேறு பகுதிகளின் அலங்கார மரபில் அமைந்திருப்பதால், ஓரிடத்தில் துருக்கிய உஸ்மானியர் கலையையும் சில அடிகள் தள்ளி முகலாயர் கலையையும் காண்கிறோம். தன் நாட்டுத் தொழுகைத் தலத்தில் பிற நாட்டாரின் கைத்திறனுக்கு இவ்வளவு இடம் கொடுத்த பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

6,500 பேர் தொழக்கூடிய முதன்மை மண்டபத்தில், 50 மீட்டர் உயரக் குவிமாடத்திலிருந்து 14 மீட்டர் நீளச் சரவிளக்கு தொங்குகிறது. அதன் பேரொளியைவிட, தரையில் விரிந்திருந்த 21 டன் எடையுள்ள பாரசீகக் கம்பளமே என் உள்ளத்தை உருக்கியது. ஈரானின் குராசான் பகுதியைச் சேர்ந்த பெண்கள் 600 பேர், 4 ஆண்டுகள் அமர்ந்து, 170 கோடி முடிச்சுகளைக் கையாலேயே இட்டு நெய்தது அது. தாங்கள் நெய்த கம்பளத்தில் நெற்றி பதியத் தொழும் பேறு அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்குமோ! தொழுவோருக்கே உரிய அந்தக் கம்பளத்தின் மேல் பார்வையாளர் காலடி படாதபடி, தனி விரிப்பால் பாதை அமைத்திருக்கிறார்கள். கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, நோக்கிய மிஹ்ராப் என்னும் தொழுகை மாடத்தின் முன் கைகூப்பி, நான் அறிந்த சொற்களில் வேண்டிக்கொண்டேன்.

வெளியேறும் வழியிலுள்ள தகவல் மையத்தில், தன்னார்வலர்கள் பேரீச்சம்பழமும் ஏலம் மணக்கும் கஹ்வா என்னும் அரபுக் காப்பியும் தந்து, தொழுகை முறை பற்றிய எங்கள் ஐயங்களுக்குப் பொறுமையாக விடையளித்தார்கள். இங்கு வருவோர் 8 மணிக்கே வந்து, முதலில் மண்டபத்தில் வணங்கிவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதையும் ரிவாக் சுவர்மாடங்களுக்கு ஒதுக்குவது நல்லது.