முதல் பத்து லிட்டர்

மால்ட் கரைசல் கொதிநிலையை நெருங்கும்போது வீடெங்கும் பரவும் மணத்தை முதன்முறை நுகர்ந்தபோது, சிறுவயதில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து ஈரக் கரண்டியை உள்ளே விட்டு அம்மாவிடம் திட்டு வாங்கிய நாள்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. இரண்டும் முளைகட்டிய பார்லியிலிருந்து பிறப்பவை என்பதால் அந்த நினைவு வந்ததில் வியப்பில்லை. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, காயவைத்து அரைத்து ராகி மால்ட் செய்யும் வீட்டில் வளர்ந்தவருக்குப் பீர் தயாரிப்பின் முதல் பாதி ஏற்கெனவே தெரியும் என்றே சொல்வேன். தானியம் முளைக்கும்போது அதனுள் அமைலேஸ் நொதிகள் பெருகுகின்றன. அவை வெந்நீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்தச் சர்க்கரையை உண்ணும் ஈஸ்ட், ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடுகிறது. கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்கள் சேர்கின்றன. தண்ணீரையும் கூட்டினால் மொத்தம் நான்கு பொருள்கள்தான்.

தெற்கு லண்டனில் குடியிருக்கும் நான் வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தொடங்க விரும்பும் நண்பர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பதில் சொல்வதைவிட, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் சட்டம். பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் பீர் தயாரிப்பதற்கும் உரிமம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சராக இருந்த ரெஜினால்ட் மோட்லிங் அந்தக் கட்டாயத்தை நீக்கினார். அதன்பிறகு சொந்தப் பயன்பாட்டுக்கு எவரும் தயாரிக்கலாம், ஆனால் விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதே வழியைத் திறந்தது. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே அங்கிருந்து படிப்பவர்கள் இதைச் செய்முறையாகக் கொள்ளாமல், படித்து அறிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

‘காய்ச்சுவது’ என்ற சொல்லைக் கேட்டதும் ஊரிலுள்ள உறவினர்கள் பதறுவது எனக்குப் புரிகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம். பீர் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இதில் ஆவியாக்கி வடித்தெடுக்கும் வேலையே கிடையாது. பார்லிச் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, புளிக்கவிடுவதோடு சரி. நச்சாகும் அளவுக்கு மெத்தனால் இதில் உண்டாவதில்லை. வடித்தெடுப்பது உரிமமில்லாமல் இங்கிலாந்திலும் குற்றமே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைகளில் 23 லிட்டருக்கான டின் கிட்டுகள் கிடைக்கின்றன. ஹாப்ஸ் ஏற்கெனவே சேர்க்கப்பட்ட கெட்டியான மால்ட் பாகை வெந்நீரில் கரைத்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்தால் போதும். அது தவறான தொடக்கமன்று. ஆனால் என்னைக் கேட்டால் பத்து லிட்டர் அளவில் உலர் மால்ட் சாற்றுத் தூளைக் கொண்டு தொடங்கச் சொல்வேன். பத்து லிட்டர் என்றால், விருந்துக்குப் பிரியாணி செய்ய வைத்திருக்கும் 15 லிட்டர்ப் பாத்திரமே போதும். கெட்டுப்போனாலும் இழப்பு சிறியது. எல்லாவற்றையும்விட, ஹாப்ஸை நாமே கொதிக்கவைத்து, எந்த நேரத்தில் போட்டால் என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் காணலாம். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் துளியும் இருக்கக் கூடாது, ஏனென்றால் கொழுப்பு பீரின் நுரையைக் கொன்றுவிடும்.

நான் இன்றும் புதியவர்களுக்குக் கொடுக்கும் அளவு இது. இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால், முந்தைய நாளே 12 லிட்டர் தண்ணீர் பிடித்து அதில் குளோரினை நீக்கும் கேம்டன் மாத்திரையில் கால்பங்கைப் பொடித்துப் போட்டுக் கலக்கிவிடுகிறேன். இதைச் செய்யாவிட்டால் மருந்துக்கடை வாடை பீரில் ஏறும். காலையில் நிறம் தரும் கிரிஸ்டல் மால்ட் என்ற தானியத்தை 150 கிராம் எடுத்துத் துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து எடுத்தால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு 1.1 கிலோ மால்ட் தூளைக் கொட்டிக் கட்டியில்லாமல் கரைத்த பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடங்களுக்கு அடுப்பை விட்டு நகரக் கூடாது. இந்தச் சாறு பாலைப் போலவே பொங்கும். பாலாவது அடங்கியபின் துடைத்துவிடலாம், இது அடுப்பில் கருகிப் பாகாய் ஒட்டிக்கொள்ளும்.

பொங்கி அடங்கியதும் 25 கிராம் ஹாப்ஸ் போட வேண்டும். நான் பயன்படுத்துவது பக்கத்துக் கென்ட் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்த கோல்டிங்ஸ் வகை. ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட நேரம் கொதித்தால்தான் உருமாறிக் கசப்பாகக் கரையும். ஆனால் அதே கொதியில் மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகிப் பறந்துவிடும். அதனால்தான் கசப்புக்கென ஒரு பங்கை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, மணத்துக்கென இன்னொரு பத்து கிராமைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கிறோம். ரசத்தில் கொத்துமல்லித் தழையை இறக்கும் நேரத்தில் போடுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். இறக்கிய பாத்திரத்தைக் குளியல் தொட்டியில் பனிக்கட்டி கலந்த குளிர்நீரில் நிறுத்தினால் முக்கால் மணி நேரத்தில் 20 டிகிரிக்கு வந்துவிடும்.

கொதி அடங்கிய கணத்திலிருந்து சுத்தம்தான் எல்லாம். சோப்பால் கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு; முன்னதைச் செய்தபின்தான் பின்னது பலிக்கும். என் தாத்தா உடன்குடிப் பக்கத்தில் பனை ஏறியவர். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் கட்டினால் கள் என்பதைச் சிறுவனாக அவரிடம் கேட்டிருக்கிறேன். ஒரே மரம், ஒரே பாளை. பாத்திரத்தின் உட்சுவர் மட்டுமே வேறு. சாறு எதுவாக மாற வேண்டும் என்பதை அதைத் தொடும் பரப்பு முடிவு செய்கிறது என்ற அந்தப் பாடத்தை, வாளி, மூடி, கரண்டி, வெப்பமானி, குழாய் என்று ஒவ்வொன்றையும் பாஸ்பாரிக் அமிலக் கிருமிநீக்கியில் நனைக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன். இவ்வகைக் கரைசலைச் சரியான அளவில் கலந்தால் மறுபடி அலச வேண்டியதில்லை. வீட்டுப் பிளீச்சை அமிலம் எதனோடும் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

மூடியுள்ள வாளிக்கு மாற்றியதும் நன்றாகக் குலுக்கி, ஈஸ்ட்டைத் தூவி, உள்ளே எழும் வாயுவை வெளியேற்றி, வெளிக்காற்றை உள்ளே விடாத காற்றுப்பூட்டில் சிறிது தண்ணீர் விட்டு மூடினால் அன்றைய வேலை முடிந்தது. இதற்குப் பிறகு வருவதில்தான் நான் தவறினேன்; நம்மவர்கள் பலரும் இதிலேயே தவறக்கூடும் என்று அஞ்சுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நொதித்தல் என்றால் நமக்குத் தெரிந்தது இட்லி மாவு. குளிர்நாட்டுக்கு வந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் மாவு பொங்காமல் தவித்து, ஓவன் அடுப்புக்குள் விளக்கை எரியவிட்டு மாவைப் பொங்கவைக்கக் கற்றுக்கொண்டது. சூடு இருந்தால் நொதிக்கும், அதிகச் சூடு இருந்தால் நன்றாக நொதிக்கும் என்பது எங்கள் கையில் ஊறிய அறிவு. எனவே முதல் வாளியை எங்கள் வீட்டில் சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் வைத்தேன். அங்கே 28 டிகிரி இருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் காற்றுப்பூட்டு நாட்டியமாடுவதைப் பார்த்து மகிழ்ந்தேன். மூன்று நாளில் எல்லாம் அடங்கியது. ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது அந்தப் பீரில் நகப்பூச்சு நீக்கியின் காரமும் அதிகம் கனிந்த வாழைப்பழத்தின் வாடையும் இருந்தன. வந்த நண்பர்கள் அரைக் கோப்பை குடித்துவிட்டு, முகத்தில் எதுவும் காட்டாமல் தண்ணீர் கேட்டார்கள்.

நான் தயாரிக்கும் ‘ஏல்’ வகைப் பீரின் ஈஸ்ட்டுக்கு உகந்தது 18 முதல் 20 டிகிரி. அதற்கு மேலே போனால் அது வேகமாகப் பெருகும், ஆனால் காரம் தரும் பியூசல் ஆல்கஹால்களையும் பழவாடை தரும் எஸ்டர்களையும் அளவுக்கு மீறிக் கக்கும். அவை ஒருமுறை கலந்துவிட்டால் எவ்வளவு காத்திருந்தாலும் முழுதாக நீங்குவதில்லை. அதோடு, நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால் வாளியின் உள்ளே அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதையும் நான் அப்போது அறிந்திருக்கவில்லை. அறை வெப்பத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல் வாளியின் பக்கத்தில் ஒட்டும் வெப்பமானிப் பட்டையைப் பார்க்க வேண்டும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, பழைய பனியனை அதன்மேல் மாட்டி, துணியின் நுனி தண்ணீரில் அமிழும்படி விட்டால், மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே முறையில் வாளியும் குளிரும். வெயில் கடுமையான நாளில் உறைந்த தண்ணீர் பாட்டிலொன்றைத் தொட்டியில் போட்டு மாற்றிக்கொண்டிருக்கலாம். பெரிய அடுப்பும் பளபளப்பான பாத்திரமும் வாங்குவதற்கு முன் இந்த ஏற்பாட்டைச் செய்யுங்கள் என்று எவரிடமும் தயங்காமல் சொல்வேன். வாளியை மாவுச் சட்டியின் அருகில் வைக்கவும் கூடாது. மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியா பீரில் புகுந்தால் அதையும் புளிக்கவைத்துவிடும்.

இரண்டாவது தவறும் இட்லி மாவு கற்றுத்தந்த அவசரத்திலிருந்தே பிறந்தது. நவம்பர்க் குளிரில் ஆறே நாளில் குமிழி நின்றுவிட்டது. முடிந்துவிட்டது என்று எண்ணிச் சர்க்கரை கலந்து பாட்டிலில் அடைத்தேன். உண்மையில் ஈஸ்ட் குளிரில் உறங்கியிருந்தது, சர்க்கரை பாதி மீந்திருந்தது. வீட்டில் சூடேற்றியைக் கூட்டிய ஒரு வாரத்தில், நள்ளிரவில், மாடிப்படிக்குக் கீழேயுள்ள அலமாரியில் மூன்று பாட்டில்கள் வெடித்தன. கண்ணாடிச் சில்லு ஒன்று மரக்கதவில் குத்தி நின்றது. மகளின் பள்ளிக் காலணிகள் அந்த அலமாரியின் அடித்தட்டில்தான் இருந்தன. அந்தச் சில்லைப் பிடுங்கி எடுத்தபோது என் கை நடுங்கியது இன்னும் மறக்கவில்லை.

காற்றுப்பூட்டின் குமிழி எதற்கும் சான்றாகாது. தண்ணீரை 1 எனக் கொண்டு சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றே சான்று. தொடக்கத்தில் சாற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1.042 இருக்கும், முடிவில் 1.011 அளவுக்கு இறங்க வேண்டும். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் இருந்தால்தான் நொதித்தல் முடிந்தது என்று பொருள். தொடக்க அளவுக்கும் முடிவு அளவுக்கும் இடையிலான வேறுபாட்டை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் சதவீதம் கிடைக்கும். இந்தக் கணக்கில் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும். நான் இப்போது அளவு நின்ற பிறகும் வாளியைத் தொடாமல் மொத்தம் இரண்டு வாரம் விட்டுவிடுகிறேன். அந்த இடைவெளியில் ஈஸ்ட், தான் முன்பு வெளிவிட்ட வெண்ணெய் வாடையையும் பச்சை ஆப்பிள் வாடையையும் தானே மீண்டும் உண்டு சுத்தம் செய்கிறது.

பாட்டிலில் அடைக்கும் நாளில், பத்து லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, வேறொரு வாளியில் ஊற்றி, பீரை அதன்மேல் அலைக்கழிக்காமல் குழாய்வழி இறக்க வேண்டும். தொடங்குபவர்கள் கண்ணாடியை விட்டுவிட்டு, சோடாவுக்கான கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்களைப் பயன்படுத்தலாம். கையால் அழுத்திப் பார்த்தாலே வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். கல்லைப்போல் இறுகினால் மூடியைத் திருகிக் காற்றை விட்டுவிடலாம். கண்ணாடிதான் வேண்டுமென்றால் பீருக்கென்றே செய்த தடித்த பழுப்பு நிற பாட்டில்கள் தேவை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் சிதைந்து துர்நாற்றம் தரும். பழுப்புக் கண்ணாடி அதைத் தடுக்கிறது. இரண்டு வாரம் அறையின் வெப்பத்தில், பிறகு இரண்டு வாரம் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது முறை காய்ச்சியதன் முதல் பாட்டிலைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் எழுபதுகளிலிருந்து வீட்டில் பீர் தயாரிப்பவர். என் முதல் இரண்டு தோல்விகளையும் பொறுமையாகக் கேட்டுத் திருத்தியவரும் அவர்தான். கோப்பையைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராக ஊற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கத் தொடங்கியதும் பாட்டிலை நிமிர்த்தினார். ஒரு விரல் கனத்துக்கு நின்ற நுரையைப் பார்த்துவிட்டு, எத்தனை டிகிரியில் நொதிக்கவிட்டாய் என்று மட்டும் கேட்டார். பத்தொன்பது என்றேன். தலையை அசைத்துவிட்டுக் கோப்பையை முழுதும் குடித்தார். பாட்டிலின் அடியில் மீந்திருந்த கலங்கலையும் அலசி, தன் ரோஜாச் செடிக்கு ஊற்றினார்.