கனமான நியூட்ரினோவைத் தேடப் போய் ஒரு மில்லிமீட்டரில் மாட்டிக்கொண்ட கதை

முனைவர் பட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுத்தபோதே என் வழிகாட்டி சொல்லிவிட்டார்: "அநேகமாகக் கிடைக்காது, ஆனால் ஒழுங்காகத் தேடு."

நியூட்ரினோ என்ற, எதோடும் அதிகம் உரசாத மின்னூட்டமற்ற நுண்துகளுக்கு நிறை உண்டு என்பது 1998-ல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்விலேயே தெரிந்துவிட்டது. எலக்ட்ரானோடு ஒப்பிட்டாலே பல லட்சம் மடங்கு குறைவான நிறை, அது ஏன் என்பதுதான் புதிர். அதற்குக் கனமான ஒரு கூட்டாளி இருக்கலாம், அது கனக்கக் கனக்க நம்முடையது லேசாகும் என்கிறது சீசா கொள்கை. அந்தக் கூட்டாளியைத்தான் புரோட்டான்களை மோதவிடும் லார்ஜ் ஹேட்ரான் கொலைடரின் 13 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் மோதல்களில் தேடினோம்.

மோதலில் பிறக்கும் டபிள்யூ போசான் என்ற கனத்த துகள் சிதையும்போது, எலக்ட்ரானின் கனத்த உறவான ஒரு மியூவானோடு இது வெளியே வரலாம். மோதல் புள்ளியைச் சுற்றியுள்ள டிடெக்டரில் தடம் எதுவும் விடாமல் கொஞ்ச தூரம் போய்ச் சிதையும். எவ்வளவு தூரம் என்பதில்தான் சுவாரஸ்யமே: ஆயுள் நிறையின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகிறது, அதாவது நிறையை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் 32-ல் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால் சில கிகா எலக்ட்ரான்வோல்ட் (துகளின் நிறையையும் ஆற்றல் அலகில்தான் சொல்வோம்) நிறையுள்ளது சென்டிமீட்டர் கணக்கில் ஓடலாம். மோதல் புள்ளியிலிருந்து மியூவான் ஒன்று, தள்ளி வெறும் இடத்திலிருந்து இரண்டு தடங்கள் சேர்ந்து கிளம்புவது, இதுதான் எங்கள் அடையாளம்.

தள்ளி நிற்கும் தடங்களை மென்பொருள் சரியாகப் பிடிக்கிறதா என்று கே-ஷார்ட் மேசான் என்ற நன்கு தெரிந்த துகள்களை வைத்துப் பார்த்தோம், அவையும் அப்படித்தான் தள்ளிப் போய்ச் சிதையும். அதற்கே பல மாதம் போயிற்று. சிக்னல் வரக்கூடிய பகுதியை மட்டும் கடைசிவரை பார்க்கக் கூடாது, பார்த்தால் நம்மை அறியாமலே தேர்வு வரம்புகளை நமக்குச் சாதகமாக நகர்த்திவிடுவோம்.

ஒருநாள் ராத்திரி, பார்க்க அனுமதி உள்ள பகுதியில் தடங்கள் கிளம்பும் தூரத்துக்கு ஒரு வரைபடம் போட்டேன். மூன்று சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மேடு! பொய் சொல்வானேன், பத்து நிமிஷம் கை நடுங்கியது. அப்புறம்தான் உறைத்தது, தடங்களைப் பதியும் சிலிக்கான் தகடுகளில் முதலாவதான முதல் பிக்சல் அடுக்கு இருப்பதே அங்கேதான். புரோட்டான் போன்ற சாதாரண ஹேட்ரான்கள் அந்தச் சிலிக்கானில் மோதித் தெறித்த தடங்கள் அவை. அவற்றை ஒதுக்கத்தான் டிடெக்டர் பொருட்களின் வரைபடம் ஒன்றை ஏற்கெனவே போட்டிருந்தோமே, எப்படித் தப்பின?

தப்பு என்னுடையது. வரைபடம் டிடெக்டரின் மையத்திலிருந்து அளந்தது, நான் தூரத்தைக் கணக்கிட்டதோ கற்றை மோதும் இடத்திலிருந்து. இரண்டுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் மெல்லிய அடுக்குக்கு அதுவே போதும், வேலி ஒரு பக்கமும் திருடன் ஒரு பக்கமுமாகிவிட்டது. நிரலில் ஒரே ஒரு வரியைத் திருத்தினேன், மேடு காணாமல் போனது. ஆனால் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருந்தது, மதிப்பாய்வுக் கூட்டத்தில் அதை விளக்கியபோது யாரும் சிரிக்கவில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் மூடி வைத்ததைத் திறந்த அன்று, இந்தத் துகள் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற எல்லையில், அளந்த கோடு, சிக்னல் இல்லாவிட்டால் எதிர்பார்க்கும் புள்ளிக் கோட்டை ஒட்டியே போனது. சிக்னல் இல்லை. சரி என்று அதே படத்தில் பழைய முடிவுகளையும் சேர்த்து வரைந்தேன்: 1990-களில் லெப் என்ற எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதுகருவியில் டெல்ஃபி குழு போட்ட எல்லைக்குச் சில நிறைகளில் எங்கள் கோடு கீழே இறங்கியிருந்தது, அதாவது அங்கே எங்கள் எல்லை இன்னும் இறுக்கமானது.